இரட்டைக் கன்றில் கிடேரி மட்டும் நோஞ்சான்: பிழைக்குமா, பசுவாகுமா?

நாங்குநேரிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் விட்டுவிட்டுக் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

கணவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். மாமனார், மாமியாரோடு சேர்ந்து இவர்தான் முப்பது உருப்படி உள்ள மாட்டுப் பண்ணையைக் கவனிக்கிறார். பாதி ஜெர்சி கலப்பு, பாதி நாட்டு மாடு. நாட்டு மாடுகள் கோடையில் வயல்களுக்குக் கிடை போட, அதாவது எருவுக்காக இரவில் வயலிலேயே அடைபட, போய்விடும். கார்த்திகை அடைமழையில் ஒரு கலப்பினப் பசு, இரண்டாம் ஈத்து, இரவு பதினொரு மணிவாக்கில் இரட்டைக் கன்று போட்டது. முதலில் காளை, அரை மணி கழித்துக் கிடேரி. காளை தட்டுத் தடுமாறி எழுந்து, யாரும் பார்க்காத நேரத்தில் மடியை முட்டிக் குடித்துவிட்டது. கிடேரியால் எழ முடியவில்லை. தூக்கி நிறுத்தலாம் என்று இவர் போனபோது, "எளங்கொடி விழாம மடியத் தொடக் கூடாதுட்டி" என்று அத்தை தடுத்துவிட்டார். இளங்கொடி, அதாவது நஞ்சுக்கொடி, விழுந்தது மறுநாள் மதியம். அதன் பிறகுதான் கிடேரிக்கு அரைத் தம்ளர் சீம்பால். மீதிச் சீம்பால் கருப்பட்டி போட்டுக் காய்ச்சி அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போனது.

நான்காம் நாள் கிடேரிக்குக் கழிச்சல் கண்டது, மஞ்சளும் வெள்ளையுமாகத் தண்ணீர் போல. பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று பாலை நிறுத்திவிட்டு, கஞ்சித் தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் மூங்கில் குழாயில் புகட்டியிருக்கிறார்கள். மருந்துக் கடையில் வாங்கிய, மனிதர்களுக்கான கழிச்சல் மாத்திரை இரண்டும் கொடுத்தாயிற்று. ஆறாம் நாள் கன்று படுத்துவிட்டது. வீட்டுத் தராசில் 13 கிலோ. "இது தேறாது, விட்டுருங்க" என்கிறார் பக்கத்துத் தோட்டக்காரர். "என் மகள் பேருக்கு விட்ட கன்று, டாக்டர். பிழைக்குமா? பிழைத்தால் நாளைக்கு ஒரு பசுவாக நிற்குமா? நாங்கள் எங்கே தவறினோம்?" என்று முடிகிறது கடிதம்.

கழிச்சல் கண்ட கன்று, பத்தியில் பதில் வரும்வரை தாங்காது. அதனால் கடிதம் கிடைத்த அன்றே உங்களிடம் தொலைபேசியில் பேசிவிட்டேன். நீங்களும் 1962 என்ற கால்நடை அவசர உதவி எண்ணுக்கு அழைத்து, அன்று மாலையே நடமாடும் கால்நடை ஊர்தி வந்து ரத்தக்குழாயில் திரவம் ஏற்றினார்கள். இரவு கன்று எழுந்து நின்றது என்று சொன்னீர்கள். நல்ல செய்திதான். ஆனால் கண்டம் முழுதாகத் தாண்டவில்லை. அவசரத்தில் தொலைபேசியில் சொல்ல முடியாமல் போனதையும், இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கு உதவக்கூடியதையும் இங்கே எழுதுகிறேன்.

தண்ணீர்தான் முதல் மருந்து

கழிச்சலில் கன்று சாவது பெரும்பாலும் கிருமியால் நேரடியாக இல்லை. உடம்பின் நீரும் உப்பும் வெளியேறி, ரத்தம் புளித்துப் போவதால் சாகிறது. உங்கள் கன்றின் எடை 13 கிலோ. கண் குழிந்து, காது சில்லிட்டு, எழ முடியாமல் கிடந்தது என்றால், உடல் எடையில் எட்டு சதவீதமாவது நீர் போயிருக்கும். அதுவே ஒரு லிட்டருக்கு மேல். உயிர் நடக்க அன்றாடம் தேவைப்படுவது இன்னும் ஏறக்குறைய ஒரு லிட்டர். கழிச்சலாகப் போய்க்கொண்டே இருப்பது தனிக் கணக்கு. ஆக நாளொன்றுக்குப் பாலும் கரைசலுமாக மூன்று லிட்டர் உள்ளே போனால்தான் கணக்கு நேராகும். நீங்கள் புகட்டியது இரண்டு மூன்று குழாய்க் கஞ்சித் தண்ணீர்.

அந்தக் கஞ்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிறந்து மூன்று வாரம்வரை கன்றின் குடலுக்கு மாவுச்சத்தைச் செரிக்கும் திறன் மிகக் குறைவு. கருப்பட்டி விஷயம் இன்னும் விசித்திரமானது. நம் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் உப்பும் சர்க்கரையும் கரைத்துக் கொடுக்கிறோம், அது வேலை செய்கிறது. மாட்டின் குடலிலோ சர்க்கரையை உடைக்கும் நொதியே கிடையாது. சீனியும், வெல்லமும், நம் உடன்குடிக் கருப்பட்டியும் அதற்கு ஒன்றுதான். செரிக்காமல் குடலில் தங்கி, உடம்பிலிருக்கும் நீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வெளியேறும். நல்லது என்று நினைத்துக் கொடுத்தது கழிச்சலைக் கூட்டியிருக்கும். இது உங்கள் தவறு என்று சொல்ல மாட்டேன். மனிதருக்குப் பொருந்துவது மாட்டுக்கும் பொருந்தும் என்று படித்தவர்களே நினைக்கிறார்கள்.

கொடுக்க வேண்டியது குளுக்கோஸ் உள்ள உப்புக் கரைசல். கன்றுகளுக்கென்றே வரும் பொடி கிடைத்தால் நல்லது, அதில் ரத்தத்தின் புளிப்பை மாற்றும் சரக்கும் கூடுதலாக இருக்கும். கிடைக்கவில்லையென்றால், ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மருந்துக் கடையிலும் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அப்போதைக்குக் கைகொடுக்கும். ஒரு லிட்டருக்கான பொட்டலமா, 200 மில்லிக்கான சின்னப் பொட்டலமா என்று பார்த்துக் கரையுங்கள். அட்டைப் பெட்டியில் பழச்சாறு மாதிரி விற்பதை வாங்க வேண்டாம்.

கரைசல் வாய்வழி போதுமா, ஊசிவழி ஏற்ற வேண்டுமா என்பதை வீட்டிலேயே ஓரளவு கண்டுகொள்ளலாம். கழுவிய விரலைக் கன்றின் வாயில் வையுங்கள். சப்பினால் வாய்வழி கொடுக்கலாம். சப்பவில்லை, வாய்க்குள் சில்லென்று இருக்கிறது, கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் ஐந்து விநாடி ஆகியும் மடிப்பு மறையவில்லை என்றால் மருத்துவரை அழையுங்கள். ஒரு இரவுகூடப் பொறுக்க வேண்டாம்.

பாலை நிறுத்தக் கூடாது

கழிச்சலின்போது பாலை நிறுத்துவது ஒரு காலத்தில் மருத்துவர்களே சொன்னதுதான். நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படிச் சொல்லியிருக்கிறேன். நோஞ்சான் கன்றுக்கு உடம்பில் கொழுப்பு என்று ஒன்றும் இருக்காது. ஒரு நாள் பால் இல்லையென்றால் அது தன் தசையைத்தான் தின்னும். கரைசலில் நீரும் உப்பும் உண்டு, வளர்வதற்கான சத்துக் கிடையாது.

உங்கள் கன்றுக்கு இப்போதைக்கு நாளைக்கு ஒன்றரை லிட்டர் பால், நான்கு தடவையாகப் பிரித்து. காலை ஆறு, பதினொன்று, மாலை நான்கு, இரவு ஒன்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். இடையில் எட்டரை, ஒன்றரை, ஆறரைக்கு அரை அரை லிட்டர் கரைசல். பாலில் கரைசலைக் கலக்காதீர்கள். வயிற்றில் பால் திரைய வேண்டும், கலந்தால் திரையாது. கழிச்சல் கெட்டிப்பட்டதும் கரைசலைக் குறைத்துப் பாலைச் சிறிது சிறிதாக இரண்டு லிட்டருக்குக் கொண்டுபோங்கள். பால் கறந்த சூட்டில் இருக்க வேண்டும். தாய்க்கு இரண்டு கன்றுக்கும் போதாவிட்டால் நோயில்லாத வேறு பசுவின் பால் தாராளமாகக் கொடுக்கலாம்.

மூங்கில் குழாயைத் தயவுசெய்து பரணில் போட்டுவிடுங்கள். கன்று கழுத்தை நீட்டிச் சப்பும்போது அதன் உணவுக்குழாயின் முடிவில் ஒரு மடிப்பு மூடிக்கொண்டு வாய்க்கால் போல ஆகும். பால் முதல் மூன்று வயிற்றையும் தாண்டி நேரே நான்காம் வயிற்றுக்குப் போய்ச் சேரும். அண்ணாக்கத் தூக்கி ஊற்றினால் இது சரியாக நடக்காது. பால் முதல் வயிற்றில் கிடந்து புளிக்கும். அதைவிட மோசம், நுரையீரலுக்குள் போய்ச் சளிக் காய்ச்சலாகும். கழிச்சலில் தேறி, புரை ஏறிச் செத்த கன்றுகளை நிறையப் பார்த்துவிட்டேன். ரப்பர் நிப்பிள் போட்ட பாட்டிலைத் தாயின் மடி உயரத்துக்குப் பிடியுங்கள். கன்று நின்றோ, நெஞ்சில் ஊன்றி உட்கார்ந்தோ குடிக்கட்டும். சப்பவே முடியாத நாளில் வயிற்றுக்குக் குழாய் செலுத்தித்தான் கொடுக்க வேண்டும். அது பழகிய கையின் வேலை.

மாத்திரை விஷயம் சுருக்கமாக: குடலின் ஓட்டத்தை நிறுத்தும் மாத்திரை, வெளியேற வேண்டிய நஞ்சை உள்ளேயே பூட்டி வைக்கும். பக்கத்துத் தோட்டத்து மாட்டுக்குப் போட்டு மிஞ்சிய ஊசி மருந்தும் வேண்டாம். இந்த வயதில் கழிச்சலுக்கு வைரஸும் காரணமாகலாம், அதற்கு ஆன்டிபயாட்டிக் ஒன்றும் செய்யாது. ஆனால் உங்கள் கன்றுபோல எதிர்ப்புச் சக்தி கிடைக்காத கன்றில் கிருமி ரத்தத்திலும் கலந்துவிடும் என்பதால் வந்த மருத்துவர் ஊசி போட்டது சரி. அவர் சொன்ன நாள்வரை விடாமல் போடுங்கள். பூச்சி மருந்து இப்போது தேவையில்லை. ஆறு நாள் கன்றின் கழிச்சலுக்குப் பூச்சி காரணமாக முடியாது. இரண்டு வாரம் ஆனதும், எடைக்கு ஏற்ற அளவு கேட்டுக் கொடுக்கலாம்.

இளங்கொடியும் சீம்பாலும்

எங்கே தவறினோம் என்று கேட்டீர்கள். பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஒரே வயிறு, ஒரே இரவு, ஒரே தொழு. காளைக்கு ஒன்றும் ஆகவில்லை, கிடேரிக்கு மட்டும் வந்தது. காளை திருட்டுத்தனமாகக் குடித்த சீம்பால்தான் அந்த வித்தியாசம்.

மனிதக் குழந்தைக்குத் தாயின் எதிர்ப்புச் சக்தியில் ஒரு பங்கு கருப்பையிலேயே வந்துவிடும். மாட்டில் நஞ்சுக்கொடியின் அமைப்பு அதற்கு இடம் கொடுப்பதில்லை. கன்று வெறுங்கையோடு பிறக்கிறது. எல்லாமே சீம்பாலில்தான். அதை அப்படியே ரத்தத்துக்குள் விடும் வாசல் குடலில் பிறந்த உடனே திறந்திருக்கும், மணிக்கு மணி மூடிக்கொண்டே வரும், ஒரு நாளில் முழுதும் அடைத்துவிடும். முதல் இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு தடவை, எட்டு மணி நேரத்துக்குள் இன்னொரு தடவை, முதல் நாளில் மொத்தம் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது கணக்கு. 13 கிலோ கன்றுக்கு 1.3 லிட்டர். உங்கள் கிடேரிக்குக் கிடைத்தது பதின்மூன்று மணி நேரம் கழித்து அரைத் தம்ளர்.

அத்தையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. என் ஆச்சியும் இதையேதான் சொல்வாள். இளங்கொடி விழுமுன் கறந்தால் அது உள்ளேயே தங்கிவிடும் என்ற பயம் இந்தப் பக்கமெல்லாம் உண்டு. உண்மையில் நடப்பது தலைகீழ். கன்று மடியை முட்டிச் சப்பும்போது தாயின் உடம்பில் சுரக்கும் ஆக்ஸிடோசின் பாலையும் இறக்கும், கருப்பையையும் சுருங்கச் செய்யும், இளங்கொடியும் விரைவாகக் கழலும். பன்னிரண்டு மணி நேரம்வரை விழாமல் இருப்பது இயல்பு. இரட்டை ஈத்தில் தாமதமாவது இன்னும் சகஜம். ஒரு நாள் தாண்டியும் தொங்கினால் மருத்துவரை அழையுங்கள். கல்லோ செருப்போ கட்டித் தொங்கவிடுவதும், கையை விட்டு இழுப்பதும் வேண்டாம். விழுந்ததைச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிட்டதாக எழுதியிருந்தீர்கள். அதை அத்தை தாராளமாகத் தொடரட்டும், நாய் இழுத்துத் தொழுவில் போடாமல் இருக்குமே.

போன வாசலைத் திரும்பத் திறக்க முடியாது. ஆனாலும் ஒரு வழி மிச்சம் இருக்கிறது. முப்பது உருப்படிப் பண்ணையில் இந்த வாரம் வேறொரு பசு ஈன்றால், அதன் சொந்தக் கன்று வயிறு நிறையக் குடித்த பிறகு மிஞ்சும் சீம்பாலைக் கிடேரியின் பாலோடு வேளைக்கு ஒரு தம்ளர் சேருங்கள். ரத்தத்துக்குள் போகாவிட்டாலும் குடலின் உட்சுவரில் நின்று அங்கேயே கிருமியைத் தடுக்கும். இன்னும் மிஞ்சினால் சுத்தமான பாட்டிலில் ஊற்றி ஃப்ரீஸரில் வையுங்கள். ஒரு வருடம்வரை கெடாது. தேவைப்படும்போது வெதுவெதுப்பான நீரில் பாட்டிலை நிறுத்தி இளக்க வேண்டும். அடுப்பில் ஏற்றினால் திரிந்து, பிள்ளைகள் தின்ன மட்டும்தான் ஆகும். கருப்பட்டிச் சீம்பால் எனக்கும் பிடித்தது. கன்றுக்குப் போக மிஞ்சியதில் செய்யுங்கள்.

படுக்கையும் பிள்ளைகளும்

நம் ஊர்க் குளிர் ஆரோக்கியமான கன்றை ஒன்றும் செய்யாது. ஈரம் செய்யும். 2023 டிசம்பர் மழையைப் பார்த்த நமக்கு ஈரத் தரை என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. சிமென்ட் தரையில் சாம்பல் தூவி, மேலே கால் புதையும் அளவு காய்ந்த வைக்கோல் போட்டு, நனைந்ததைத் தினமும் மாற்றுங்கள். சாரல் அடிக்கும் பக்கம் சாக்குப் படுதா. கன்றின் மேல் ஒரு சாக்கைப் போர்த்தி வயிற்றடியில் கட்டலாம். இரவில் எட்டாத உயரத்தில் ஒரு குண்டு பல்பு. கன்றின் இயல்பான சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட்வரை. ஒரு தெர்மாமீட்டரை இதற்கென்றே தனியாக வைத்துக்கொண்டு காலை மாலை ஆசனவாயில் வைத்துப் பாருங்கள்.

தொப்புளில் மஞ்சள் பற்றுப் போட்டதாக எழுதியிருந்தீர்கள். அடுத்த கன்றுக்கு டிங்சர் அயோடின் வாங்கி வையுங்கள். இந்தக் கன்றின் தொப்புள் தடித்துச் சுடுகிறதா, கால் மூட்டு ஏதாவது வீங்குகிறதா என்று தினமும் தடவிப் பாருங்கள். சீம்பால் கிடைக்காத கன்றில் அடுத்த தாக்குதல் பெரும்பாலும் அந்த வழியில்தான் வரும்.

நான்கு வயது மகன் கன்றைக் கட்டிக்கொண்டு வைக்கோலிலேயே படுத்துவிடுகிறான் என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். படிக்க அழகாக இருந்தது. ஆனால் கழிச்சல் நிற்கும்வரை வேண்டாம். கன்றுக்குக் கழிச்சல் உண்டாக்கும் கிருமிகளில் சில பிள்ளைகளுக்கும் தொற்றும். நீங்களும் மற்றக் கன்றுகளுக்கு முதலில் பால் காட்டிவிட்டுக் கடைசியில் இதனிடம் போங்கள், வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

பசுவாகுமா?

தொலைபேசியில் இதைச் சொன்னபோது நீங்கள் சற்று நேரம் பேசவே இல்லை. காளையோடு இரட்டையாகப் பிறந்த கிடேரி, நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல், சினை பிடிக்காது. கருப்பையில் இரண்டு கன்றுகளின் ரத்தக்குழாய்களும் தொடக்கத்திலேயே ஒன்றோடொன்று இணைந்துவிடுகின்றன. காளையின் ரத்தம் கிடேரிக்குள் போய், அதன் கருப்பையும் சினைப்பையும் வளராமல் தடுத்துவிடும். வெளியே பார்த்தால் முழுக் கிடேரிதான். காளைக்கு இதனால் பெரிய பாதிப்பு இருக்காது. நோஞ்சானாகப் பிறந்ததும் இதுவும் வேறு வேறு. கொழுகொழுவென்று வளர்த்தாலும் இது மாறாது.

நிச்சயமாகத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. கன்றுக்கு ஒரு மாதம் ஆகும் சமயம், மழுங்கிய முனையுள்ள வழவழப்பான குழாயை மருத்துவர் பிறப்புறுப்பில் மெதுவாகச் செலுத்திப் பார்ப்பார். இயல்பான கிடேரியில் 12 முதல் 15 சென்டிமீட்டர் உள்ளே போகும், மலட்டுக் கிடேரியில் அதில் பாதிகூடப் போகாமல் முட்டி நிற்கும். சந்தேகம் இருந்தால் ரத்தப் பரிசோதனையும் உண்டு. உங்களுக்கு ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம்தான், அங்கே கேளுங்கள்.

அப்படியென்றால் தோட்டக்காரர் சொன்னதுபோல விட்டுவிடலாமா? வேண்டாம் என்பதே என் எண்ணம். சட்டப்படியே, வளர்ப்பவர் விலங்குக்குப் போதிய தீனியும் தண்ணீரும் கொடுக்காமல் விடுவது 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம். தீர்க்க முடியாத வேதனையில் கிடக்கும் கன்றுக்கு மருத்துவர் செய்யக்கூடியது வேறு, பட்டினி போடுவது வேறு. உங்கள் கன்று அந்த நிலையிலும் இல்லை, சப்புகிறது, நிற்கிறது. இந்தக் கழிச்சலைத் தீர்க்கும் செலவும் பெரிதல்ல.

பெரிய செலவு அதற்குப் பிறகு வருவது. நாளைக்கு இரண்டு லிட்டர் என்று மூன்று மாதத்துக்கு 180 லிட்டர் பால். உங்கள் சொசைட்டி விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கை ஒரு மாதப் பரிசோதனை முடிந்த அன்றைக்குப் போடுங்கள், இன்றைக்கு வேண்டாம். மலடு என்று தெரிந்தால் உங்களுக்கு இரண்டு மூன்று வழிகள் இருக்கும். கிடை மாட்டோடு ஒன்றாக விடலாம். அங்கே சாணமும் கோமியமும்தான் கூலி, ஈத்து யாரும் கேட்பதில்லை. கோயிலுக்கு விடுவதானால், வைத்துப் பராமரிக்க அங்கே ஆள் இருக்கிறதா என்று நேரில் பார்த்துவிட்டு விடுங்கள். விற்பதானால் உள்ளதைச் சொல்லி விற்க வேண்டும். மேலப்பாளையம் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து வயதைச் சொல்வார்கள், கருப்பையைப் பல் சொல்லாது. சொல்லாமல் விற்றால் வாங்கிப்போகும் வீட்டுக்காரர் இரண்டு வருடம் தீனி போட்டுவிட்டுக் காத்திருப்பார்.

மகள் பெயருக்கு வேறொரு கிடேரியைக் குறித்து வைக்கலாமா என்று கேட்டீர்கள். வையுங்கள். ஆனால் எட்டு வயதுப் பிள்ளை இந்தக் கன்றுக்குப் பாட்டில் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்றால் முடிவை அவளிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இப்போது பார்க்க வேண்டியது இந்த வாரத்தை. கழிச்சலில் ரத்தம் கண்டாலோ, சூடு 100-க்குக் கீழே இறங்கினாலோ 103-ஐத் தாண்டினாலோ, மூச்சு இழுத்தாலோ, தொடர்ந்து இரண்டு வேளை சப்ப மறுத்தாலோ உடனே 1962. மற்றபடி, வரும் திங்கட்கிழமை அதே தராசில் எடை போட்டு எனக்குச் சொல்லுங்கள். 13-க்குக் கீழே இறங்காமல் இருந்தால் பாலைக் கூட்டுவதைப் பற்றிப் பேசுவோம்.